ஆள் மாறி விழுந்த மண்

கரியமாணிக்கம் சென்னையில் செத்துப்போன வாரத்தில், குருவிக்கண்மாய் மங்கை டாக்கீஸில் அவர் சாக மறுத்துவிட்டார். 'கண்மாய்க்கரைக் காவலன்' படத்தின் கடைசிச் சண்டையில் எந்த அடிக்கு இத்தனை வருஷமாக மல்லாந்து விழுந்து, எந்தப் பாறையில் தலை மோதி, எந்தக் கருவேல மரத்தடியில் வாயைப் பிளந்து கிடந்தாரோ, அந்த அடி விழுந்தது, அவர் விழவில்லை. வாயோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதாநாயகனைப் பார்த்தபடி நின்றார். கதாநாயகன் இன்னொன்று கொடுத்தான், அதற்கும் நின்றார். பிறகு அவர் ஒன்று கொடுத்தார், கதாநாயகன் போய் அதே பாறையில் விழுந்தான், திரையில் 'வணக்கம்' போட்டுவிட்டார்கள். கேண்டீன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சீனித்தாய் கையிலிருந்த டீத்தட்டை இறக்கி வைத்துவிட்டு, "அப்படிப் போடு" என்றாள். பிறகு தம்ளர் பொறுக்கப் போய்விட்டாள்.

கதாநாயகனை 'அவன்' என்றும் வில்லனை 'அவர்' என்றும் சொல்வது அந்த ஊரில் சீனித்தாய் ஒருத்தியின் வழக்கம். ஊர் சிரிக்கும், அவள் மாற்றிக்கொண்டதில்லை. இந்தக் கதை அவள் பக்கத்தில் நின்று சொல்லப்படுவதால் இதிலும் அப்படியே இருக்கட்டும். கட்டியவன் செத்தபிறகு மங்கை டாக்கீஸ் கேண்டீனை எடுத்து போண்டாவும் முறுக்கும் இடைவேளை டீயுமாக நடத்தி வந்தவள் அவள். கரியமாணிக்கத்துக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், குழந்தையோடு குடிசையைக் கொளுத்துகிறவனுக்கு எவன் மன்றம் வைப்பான்? ஆனால் இருந்தது. தலைவி சீனித்தாய், செயலாளர் தியேட்டர் ஆப்பரேட்டர் அல்லாப்பிச்சை, அதற்குமேல் ஆள் கிடையாது. புயல் நாயகன் ஜெயப்பிரதாபன் திரையில் வரும்போது ஊரே சீட்டின் மேல் ஏறி நின்று காகிதத்தைக் கிழித்து வீசும். கரியமாணிக்கம் வரும்போது சீனித்தாய் மட்டும் கேண்டீன் வாசலிலிருந்து தட்டில் ஒரு கட்டிச் சூடம் ஏற்றிக் காட்டுவாள். பேய்க்குச் சூடம் காட்டுகிறாள் பார் என்று முன்வரிசையில் எவனாவது கத்துவான். அவள் சூடம் அணைகிறவரை கையை இறக்கமாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் அந்த ஊர்க் கண்மாய்க்கரையிலேயே நடந்தது.

அவளுக்குக் கல்யாணம் ஆகாத காலம். 'கண்மாய்க்கரைக் காவலன்' ஷூட்டிங்குக்காக லாரியும் விளக்கும் வெள்ளைத் துணிப் படல்களுமாகச் சினிமாக்காரர்கள் வந்து இறங்கியபோது, ஊரில் அடுப்பு எரியவில்லை, ஆடு மேயப் போகவில்லை, அத்தனை பேரும் கரையில்தான் நின்றார்கள். ஜெயப்பிரதாபன் காரிலிருந்து இறங்கியதும் குலவை போட்டார்கள். பின்னால் ஒரு வேனிலிருந்து கரியமாணிக்கம் இறங்கியதும், முந்தின படத்தில் அவர் கொளுத்திய குடிசையும் அதற்குள் கத்திய பிள்ளையும் பெண்களுக்கு ஞாபகம் வந்துவிட்டன. "பச்சப்பிள்ளய எரிச்ச பாவி, நீ வெளங்குவியா" என்று ஒருத்தி குனிந்து ஒரு கை மண்ணை வாரி வீச, அடுத்தவள் வீச, அப்புறம் கரையே குனிந்து நிமிர்ந்தது. மண்ணை வாரித் தூற்றுவது அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. போலீசுக்கும் பஞ்சாயத்துக்கும் எட்டாத அநியாயத்துக்குத்தான் பெண்கள் மண்ணைத் தொடுவார்கள், தொட்டால் அது விழுந்தவன் குடும்பம் தழைக்காது. அவர்கள் நடிப்பைப் பார்த்து நிஜத்துக்கு வீசிவிட்டார்கள்.

கண்ணெல்லாம் மண்ணாகி, கையை நீட்டித் தடவிக்கொண்டு அந்த மனிதர் கரையிலிருந்து இறங்கி வந்தபோது, கிணற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்த சீனித்தாய்தான் எதிரில் நின்றாள். தண்ணி தண்ணி என்றார். குடத்தைச் சாய்த்து அவர் கையில் ஊற்றினாள். கழுவிக் கழுவிக் கண்ணைத் திறந்து பார்த்து, "நான் நெசத்துல ஒரு ஈயக்கூட அடிச்சதில்ல தாயி" என்றார். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி சொன்னார். பிறகு ஈர முகத்தோடு போய் நின்று, அந்தக் கம்பீரமான குரலில் ஒரு பக்க வசனத்தை மூச்சு விடாமல் பேசி முடித்தார். மண் வீசிய பெண்களே தம்மை மறந்து கைதட்டிவிட்டார்கள். ஜெயப்பிரதாபன் குடைக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்டான்.

அடுத்த ஷாட் அறை. சினிமா அறை என்பது கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகும், அடி வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஜெயப்பிரதாபன் கையைத் தள்ளி வீசவில்லை. கரியமாணிக்கத்தின் இடது காதோடு சேர்த்து வீசினான். அவர் உட்கார்ந்துவிட்டார். காதிலிருந்து ரத்தம் முதலில் வந்தது, சாயக் கிண்ணத்தோடு மேக்கப்காரர் பிறகுதான் ஓடி வந்தார். குடத்தோடு நாலு எட்டுத் தள்ளி நின்ற சீனித்தாய் இரண்டையும் வரிசை மாறாமல் பார்த்தாள். ஷாட் பிரமாதம் என்று டைரக்டர் சொன்னார், ஊர் விசிலடித்தது. அந்த ஷாட்தான் படத்தில் இருக்கிறது, அந்த ஷாட்டுக்குத்தான் தமிழ்நாடு முழுவதும் தியேட்டர் கூரை பிய்ந்துபோகிற மாதிரி விசில் பறந்தது. கரியமாணிக்கத்துக்கு அந்தக் காது அதோடு போயிற்று. எதிர்நடிகர் பேசி முடித்தது கேட்காமல் வசனத்தைத் தவற விட்டார், இவருக்கு வயசாகிவிட்டது என்றார்கள், வாய்ப்புக் குறைந்தது, கடைசியில் நின்றே போயிற்று.

அது சாயமில்லை, நிஜ ரத்தம் என்று சீனித்தாய் சொல்லாத ஆளில்லை. "சினிமாவுல எவன்டி நெசமா அடிப்பான்" என்று ஊர் அவளைக் கேலி செய்தது. அவர் நிஜமாகவே குடிசையைக் கொளுத்தினார் என்று நம்பி மண் வீசிய அதே ஊர்தான், அவர் நிஜமாகவே அடிபட்டார் என்பதை நம்ப மாட்டேன் என்றது. இடைவேளைக்குப் பிறகு அந்த விசில் கேட்கும்போதெல்லாம் சீனித்தாய் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே நிற்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த அறை அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகவேண்டும், அதை இந்த ஊர் கண்ணால் பார்க்கவேண்டும்.

அவர் செத்த அன்று டிவியில் ஜெயப்பிரதாபன் அழுதான். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து, கீழுதட்டைக் கடித்து, வானத்தைப் பார்த்து, தன் கூடப் பிறக்காத அண்ணன் போய்விட்டார் என்றான். அவருடைய கடைசிக் காலத்தில் தான்தான் அவருக்குக் காதாக இருந்ததாகவும் சொன்னான். சீனித்தாய் கேண்டீன் டிவியை அணைத்தாள். பிறகு அல்லாப்பிச்சையை அனுப்பி முதலாளி நாகரத்தினத்திடம் பேசச் செய்து, அஞ்சலிக் காட்சியாக அந்தப் படத்தையே போடவைத்தாள். அந்தக் காட்சியில்தான் கரியமாணிக்கம் விழவில்லை.

முதலாளிக்கு முதலில் பிரதியில் தப்பு என்று பட்டது. படம் கொடுத்தவர்களிடம் கேட்டு வேறு பிரதி வரவழைத்தார், அதிலும் விழவில்லை. பக்கத்து ஊரில் அதே பிரதியைப் போட்டுப் பார்த்தார்கள், அங்கே வழக்கம்போல் நல்ல பிள்ளையாக விழுந்தார். இந்த ஊர்க் கண்மாயில் நடந்தது, இந்த ஊரில்தான் கணக்கு முடிப்பார் என்று டீக்கடையில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஒருதரம் நிஜமாகச் செத்துப் பார்த்த மனுஷன் காட்சிக்குக் காட்சி சாகணும் என்றால் எவன் சம்மதிப்பான் என்று ஒரு வாத்தியார் கேட்டார். ஜெயப்பிரதாபன் மன்றத்துக்காரர்கள் வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஒரு காட்சி முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதற்கு வழக்குப் போட சட்டத்தில் இடமில்லை என்றும் போண்டா நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி 'விழாத கரியமாணிக்கம்' என்று புதுப் போஸ்டர் அடித்தார். விருதுநகரிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். காட்சிக்கு ஓர் அடி கூடுதலாக அவர் திருப்பிக் கொடுத்தார், ஜெயப்பிரதாபன் விதவிதமாக விழுந்தான், ஒருநாள் பாறையில், ஒருநாள் முள்ளில், ஒருநாள் கண்மாய்ச் சேற்றில்.

பிறகு கிழவிகள் வந்தார்கள். அன்றைக்கு மண் வீசியவர்களில் உயிரோடு இருந்தவர்கள், தலையில் முக்காடும் மடியில் மண்ணுமாக, வெள்ளையம்மா சித்தி முன்னே நடக்க, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, டிக்கெட் எடுத்து, ஒழுங்காக வரிசையில் நின்று உள்ளே வந்தார்கள். வீசிய மண்ணை அதே இடத்தில் அள்ளிக் கொண்டுபோய் அது விழுந்தவன் காலடியில் வைத்தால் விட்ட சாபம் இறங்கும் என்பது அவர்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு கை கண்மாய் மண்ணைத் திரைக்கு அடியில் வைத்தார்கள். "தெரியாமச் செஞ்சிட்டோம்யா" என்று வெள்ளையம்மா சித்தி திரையைப் பார்த்துச் சொன்னாள். திரையில் அப்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

மண்ணுக்கு மண் சேர்ந்தது. கிழவிகள் வைத்ததைப் பார்த்துவிட்டு, வேறு கணக்கு உள்ளவர்களும் சாபம் விடுவதற்காகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வரப்பைத் தின்ற பங்காளியின் பேரைச் சொல்லி ஒருவன் வைத்தான், கையெழுத்து வாங்கிக்கொண்டு துரத்திய அண்ணன் பேரைச் சொல்லி ஒரு தங்கை வைத்தாள், மில் மேஸ்திரியின் பேரைச் சொல்லிப் பஞ்சாலைப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து வைத்தார்கள். முதலாளியின் சம்சாரமும் ஒருநாள் முந்தானைக்குள் ஏதோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், அது யார் பேரில் என்று முதலாளி கேட்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட அந்த மண்ணைத் தியேட்டர் கூட்டுகிற பெண் சுற்றிக் கூட்டினாளே தவிர, விளக்குமாற்றை அதன்மேல் வைக்கவில்லை. எந்தப் பங்காளிக்கும் எந்த மேஸ்திரிக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை, ஆனாலும் வைத்துவிட்டுப் போனவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. எல்லா அடியையும் திருப்பிக் கொடுத்த கரியமாணிக்கம் அந்த அறையை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கை வரும், காதில் விழும், உட்காருவார், ரத்தம் வரும். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கித் திரைக்கு வெளியே பார்ப்பார். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை, பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு, பிறகுதான் எழுந்து சண்டையைத் தொடர்வார். அவர் பார்வை வரும்போது மிக்சர் தின்கிறவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள்.

"தங்கச்சி, அவரு யாரயோ தேடுறாருல்ல?" என்று அல்லாப்பிச்சை ஒருநாள் டீயை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"மத்ததெல்லாம் படத்துல விழுந்த அடிண்ணே, படத்துலயே குடுத்துட்டாரு. இது நெசமா விழுந்தது. நெசமான ஆள் வேணும்ல?"

"அவன் எதுக்கு இங்க வரப்போறான்?"

"வருவான்" என்றாள் சீனித்தாய்.

ஜெயப்பிரதாபன் அப்போது வருகிற தை மாதம் கட்சி ஆரம்பிப்பதாக இருந்தான். ஊர் ஊராகப் போய்க் கரியமாணிக்கத்தின் படத்தைத் திறந்து வைத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான், செத்தவர் பேரில் நல்ல கூட்டம் சேர்ந்தது. மங்கை டாக்கீஸில் அவன் அடிவாங்குவதை எவனோ செல்போனில் பிடித்துப் போட, அது நாடெல்லாம் சுற்றி அவனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சீனித்தாய் ஒரு பொட்டலம் போண்டாவோடு அவன் நற்பணி மன்றச் செயலாளர் துரைக்கண்ணுவின் செல்போன் கடைக்குப் போனாள். இத்தனை காலம் சூடம் காட்டிய கையால் போண்டாவை நீட்டியபோது அவளுக்குக் கூசத்தான் செய்தது. நீட்டினாள்.

"ஒங்க தலைவரு எங்கெங்கயோ போயிப் படம் தெறக்காரு. இங்க வந்து ஒரு மாலை போட்டா என்ன தம்பி? அவரு நேர்ல வந்து நின்னா கரியமாணிக்கம் தன்னால விழுந்துருவாரு. உசுரோட இருந்தப்பவே ஒங்க தலைவரப் பாத்து விழுந்தவருதான."

துரைக்கண்ணு அதைத் தன் யோசனையாகவே தலைமைக்குச் சொல்லி நல்ல பேர் வாங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஜெயப்பிரதாபன் வந்தான். ஊர் குலவை போடவில்லை, ஆனால் ஓர் ஆள் பாக்கியில்லாமல் வந்திருந்தது. திரைக்கு முன்னால் ரோஜா மாலையோடு கரியமாணிக்கத்தின் படத்தைத் திறந்து வைத்தான். காலடியில் இருந்த மண்மேட்டைப் பார்த்துவிட்டு, இதைக் கூட்டிப் பெருக்கக்கூடாதா என்று கேட்டான். யாரும் அசையவில்லை. மைக்கை வாங்கி, கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து, கீழுதட்டைக் கடித்து, கூரையைப் பார்த்து அழுதான். படம் முடிந்தபிறகும் நாலு வார்த்தை பேசவேண்டும் என்பதால் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முன்வரிசையில் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தான்.

சீனித்தாய் அன்றைக்கு டீ போடவில்லை. கேண்டீன் வாசலில் நின்றாள். படம் ஓடியது, பாட்டு வந்தது, இடைவேளை போயிற்று, கரை வந்தது, பாறை வந்தது, கருவேல மரம் வந்தது, கை வந்தது, காதில் விழுந்தது. கரியமாணிக்கம் உட்கார்ந்தார். ரத்தம் வந்தது. தலையைத் தூக்கினார். வரிசை வரிசையாகத் தேட வேண்டிய வேலை அன்றைக்கு இல்லை. நேரே முன்வரிசையைப் பார்த்தார்.

இப்பக் குடுங்க, இப்பக் குடுங்க என்று சீனித்தாயின் உடம்பு முழுக்கச் சொன்னது. கையிலிருந்த சூடத் தட்டின் விளிம்பு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது.

அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதைத் துடைத்தார். துண்டில் பட்டிருந்த ரத்தத்தைச் சோபாவில் இருந்தவனுக்குத் தெரியும்படி ஒருதரம் விரித்துக் காட்டினார். பிறகு அதை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரைப் போல, கரையோடு நடந்து திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

திரையில் கதாநாயகன் தனியாக நின்றான். வசனத்தைப் பேசினான், பதில் வரவில்லை. காற்றை ஓங்கி அறைந்தான், காற்றைத் தூக்கிப் போட்டான், யாரும் இல்லாத இடத்தில் ஒரு காலைத் தூக்கிச் சுழன்று உதைத்துவிட்டுத் தடுமாறினான். முதலில் யாரோ ஒரு குழந்தை சிரித்தது. பிறகு தியேட்டர் முழுவதும் சிரித்தது.

சோபாவில் இருந்தவன் எழுந்துவிட்டான். கையில் மைக் இருப்பதை அவன் மறந்திருந்தான். "எங்கடா போற? ஒரே ஒரு அறை விட்டதுக்குக் காது போச்சுன்னு மூலையில போயி ஒக்காந்தவன்தானடா நீ. அன்னைக்கு ஒனக்குக் கைதட்டுனானுங்களேன்னுதானடா விட்டேன். திரும்ப அடிக்கத் துப்பில்லாத பய, நான் சொல்லாம எப்படிடா போற? வாடா, வந்து விழுடா" என்று அவன் திரையைப் பார்த்துக் கத்தியது, நாலு பக்கத்து ஸ்பீக்கரிலும் தெளிவாக வந்து விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து வெள்ளையம்மா சித்தி திரும்பிக் கேண்டீன் வாசலைப் பார்த்தாள். "அப்ப அது சாயமில்லையாடி, சீனித்தாயி?"

"இல்ல சித்தி."

ஊர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே போயிற்று. துரைக்கண்ணுவும் போனான். காலி சீட்டுகளுக்கு நடுவில் ஜெயப்பிரதாபன் நின்றுகொண்டிருந்தான், திரையிலும் அவனே காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றோடு கரியமாணிக்கம் மங்கை டாக்கீஸைவிட்டு மட்டும் போகவில்லை, ஜெயப்பிரதாபனின் எல்லாப் படத்தைவிட்டும் போய்விட்டார். டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் போட்டால் அவன் வெறும் நாற்காலியைப் பார்த்துச் சவால் விட்டான், காலி வீட்டிலிருந்து கதாநாயகியை மீட்டான், அவளைக் கட்டியிருந்த கயிறுகூட இல்லாமல் அவள் சும்மா நின்றாள். யாரை எதிர்த்துப் புயல் நாயகன் ஆனான் என்பதே விளங்காமல் போயிற்று. டிவிக்காரர்கள் கொஞ்ச நாளில் அந்தப் படங்களைச் சிரிப்பு நிகழ்ச்சியில் துண்டு துண்டாகப் போட்டார்கள். பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகள் காற்றைக் குத்திவிட்டுத் தாங்களே விழுந்து எழுந்து, அதற்கு ஜெயப்பிரதாபன் விளையாட்டு என்று பேர் வைத்தார்கள். தை வந்து போயிற்று, கட்சி வரவில்லை. துரைக்கண்ணு தன் கடைப் பலகையிலிருந்த படத்துக்குமேல் ரீசார்ஜ் விளம்பரம் ஒட்டினான்.

ஊருக்குத் திருப்தி. சீனித்தாய்க்கு இல்லை. அவள் சூடம் ஏற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"போதாதா தங்கச்சி?" என்று அல்லாப்பிச்சை கேட்டார். "ஊரு ஒத்துக்கிருச்சு, அவன் அசிங்கப்பட்டுட்டான், வேறென்ன வேணும்?"

"கைக்கெட்டுற தூரத்துல கொண்டாந்து நிறுத்துனேண்ணே. தொடச்சிக்கிட்டுப் போயிட்டாரு."

"நெசத்துல ஒரு ஈயக்கூட அடிக்காத மனுசன்னு நீதான எப்பவும் சொல்லுவ?"

அவர் நல்லவர் என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் அவர் கட்சியில் நின்றாள், அந்த நல்லதனமே இப்போது குறுக்கே வந்து நின்றதை அவளால் பொறுக்க முடியவில்லை. செத்தபிறகுமா ஒரு மனுஷன் இத்தனை நல்லவராக இருக்கவேண்டும் என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள், மதியக் காட்சிக்கு வெகுநேரம் இருக்கும்போது, ஓர் ஆட்டோவில் ஜெயப்பிரதாபன் வந்து இறங்கினான். தலையில் துண்டு, கூட ஒருவரும் இல்லை. முடிக்கு மை பூசுவதை விட்டிருந்தான். கேண்டீன் வாசலில் நின்று, சீனித்தாய் என்பது நீங்கள்தானா என்று கேட்டான். அவருக்கு மன்றம் வைத்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று சொன்னார்கள், நீங்கள் கூப்பிட்டால் வருவார் என்றார்கள், அவர் இல்லாமல் தான் யார் என்று தனக்கே தெரியவில்லை என்றான். என்ன வேண்டும் என்றாலும் செய்கிறேன் என்றான்.

சீனித்தாய் அப்போதுதான் நிரப்பி வைத்திருந்த குடத்தை வாசலோரம் நகர்த்திவிட்டு, வா என்று முன்னால் நடந்தாள். காலித் தியேட்டரில் திரைக்கு அடியில், மண்மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவனும் எதிரில் வந்து நின்றான்.

"மன்னிப்புக் கேளு" என்றாள்.

அவன் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அந்த ஒரு நிமிஷம் அவளுக்கே தெரியாது, அவன் வாயிலிருந்து உள்ளபடியே ஒரு வார்த்தை வந்துவிட்டால் தான் என்ன செய்வாள் என்று. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இடது கையை நெஞ்சில் வைத்தான். கீழுதட்டைக் கடித்தான். மெல்ல முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

சீனித்தாய் குனிந்தாள். கிழவிகள் வைத்த மண்ணும், தங்கைகள் வைத்த மண்ணும், பஞ்சாலைப் பெண்கள் வைத்த மண்ணும் கலந்து கிடந்த மேட்டில் கையை விட்டு, பிடி நிறைய அள்ளி நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு எங்க ஊருப் பொம்பளைக ஆள் மாறி வீசிட்டாளுக" என்றாள். வீசினாள்.

அடுத்த பிடியை அள்ளினாள், வீசினாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்ப, முதுகிலும் வீசினாள். ஈ அடிக்காத மனிதர் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துக் கை ஓய்கிறவரை வீசினாள். வீசி முடித்துக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேண்டீனுக்கு வந்தாள்.

அவன் சீட்டு சீட்டாகத் தடவி, சுவரைப் பிடித்து, இடித்துக்கொண்டு, வெகுநேரம் கழித்துக் கேண்டீன் வாசலுக்கு வந்து சேர்ந்தான். கண் திறக்கவில்லை. கண்ணீர் வழிந்து மண்ணோடு கன்னத்தில் சேறாக இறங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கண்ணீரில் நடிப்பில்லை. அவன் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் பொதுவாக நீட்டினான்.

"தண்ணி" என்றான். "கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா."

"தண்ணி இல்ல" என்றாள் சீனித்தாய்.

சொல்லிவிட்டு, அவன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படி குடத்தைச் சாய்த்து, ஒரு செம்பு நிறைய ஊற்றி, அண்ணாந்து நிதானமாகக் குடித்தாள்.